அலகு இயங்குகிறதா?

பாலாடா இறக்கத்தில் பஸ் என்னை விட்டபோது
பதினொன்றே முக்கால்.
ஒரு ஆய்வுக்கு முந்நூற்றைம்பது தருகிறது ஏஜென்சி,
பஸ் காசும் அதற்குள்தான்.

தகரக் கொட்டகை. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.
மானியத் திட்டத்தின் பெயர்ப்பலகை மட்டும்
விதிப்படி மூன்றடிக்கு இரண்டடி,
விதிப்படி மஞ்சளில் நீலம்.
உள்ளே கேரட் கழுவும் டிரம்
வாயைத் திறந்துகொண்டு தூங்கியது.

கைபேசியில் முதல் கேள்வி:
அலகு இயங்குகிறதா?
ஆம். இல்லை.
மூன்றாவது கட்டம் ஒன்று
யாருக்கும் தோன்றவில்லை.

உரிமையாளர் யோகராணியும் தூக்கம் என்றார் எதிர் டீக்கடைக்காரர்.
"ராத்திரி ரெண்டு மணிக்கு வாங்க சார்.
டிரம் சுத்துற சத்தத்துல
நீங்க கேக்கறது உங்களுக்கே கேக்காது."
விடியுமுன் லாரி மேட்டுப்பாளையம் மண்டியில் நிற்க வேண்டும்.
கேரட்டுக்கு அலுவலக நேரம் கிடையாது.

இல்லை என்று அழுத்திவிட்டுப் போயிருக்கலாம்.
அழுத்தினால்
அவர் பெயரில் மூன்று வருடமாக
வங்கியில் பூட்டிக் கிடக்கும் மானியம்
வந்த வழியே மலையிறங்கிவிடும்.
கடன் இறங்காது. அதற்குக் குளிர் பழகிவிட்டது.

தங்கினேன்.
நல்ல மனசு என்று எண்ண வேண்டாம்.
கேத்தியில் இன்னும் இரண்டு அலகுகள் இருந்தன:
ஒரு காளான் கொட்டகை, பூட்டியிருந்தது, நிஜமாகவே.
ஒரு பேக்கரி, சூடாக வர்க்கி தந்தார்கள்,
அதைக் குறிக்கப் படிவத்தில் இடமில்லை.
அதற்குள் கடைசி பஸ் போய்விட்டது.

இரண்டு மணி.
புல்லெல்லாம் உப்புத் தூவியதுபோல் உறைபனி.
நான்கு பல்புகளின் கீழே பதினோரு பெண்கள்,
மூட்டைகளைச் சாய்க்கச் சாய்க்க
வாயிலிருந்து புகை.
ரப்பர் பூட்ஸில் யோகராணி
ஜெனரேட்டரைத் திட்டிக்கொண்டிருந்தார்,
ஒரு மைத்துனனைத் திட்டும் உரிமையோடு.
ஓடையில் கழுவக் கூடாதென்று உத்தரவு வந்த வருடம்
வாங்கிய கடன் இது.
கழுவிய தண்ணீர் மூன்று தொட்டிகளில் இறங்கித் தெளிகிறது.
வெள்ளிக்கிழமை அடிமண்ணை அள்ளுவார்களாம்.
பத்துத் தோட்டத்து மண், யாருடையது எதுவென்று தெரியாது,
முதலில் டிராக்டர் கொண்டுவந்தவருடையது.

பதினான்கு படங்கள் எடுத்தேன்.
சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறி அனுப்பினேன்.
படம் இருட்டாக உள்ளது.
அலுவலக நேரத்தில் மீண்டும் எடுக்கவும்.

அவர் சிரிக்கவில்லை.
மண்டிச் சீட்டில் எடைக்குறைவைப் பார்ப்பதுபோல்
என்னைப் பார்த்தார்.
"சரி. மூணு மூட்டை லாரியில ஏத்தாம வைக்கிறேன்.
பதினோரு மணிக்கு இருங்க."

இருந்தேன்.
தூங்கப் போன ஆறு பேரை எழுப்பி,
அரைநாள் கூலி பேசி
(அந்தச் செலவுக்குத் திட்ட அறிக்கையில் தலைப்பில்லை)
இரவு கழுவிய கேரட்டை
வெயிலில் இன்னொரு முறை கழுவினார்கள்.
டிரம் சுற்றியது. தண்ணீர் வந்தது வந்தபடியே போனது.
ஒரு பெண் கேமராவைப் பார்த்து
தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டாள்.
ஆம் என்று அழுத்தினேன்.
பச்சை விழுந்தது.
மூன்று மூட்டையும் அன்று உள்ளூர்ச் சந்தையில்
பாதி விலைக்குப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

ஒன்பதாம் நாள் தலைமையகத்திலிருந்து குறிப்பு:
படத்தில் உள்ள கேரட்டில் மண் காணப்படவில்லை.
உண்மையான உற்பத்திதானா?
ஆதாரத்துடன் விளக்கவும்.

விளக்க நூற்றைம்பது எழுத்துக்கு இடம் இருக்கிறது.
இரண்டு மணி என்று தொடங்கி
இரண்டு முறை அழித்துவிட்டேன்.
ஷூவைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்க்கிறேன்,
அடியில் பாலாடா மண் கொஞ்சம் காய்ந்து ஒட்டியிருக்கிறது.
ஜன்னலோரம் வைத்து எடுத்தால்
தெளிவாகத்தான் விழுகிறது படம்.